பார்த்தாச்சு என்று சொன்னது யார்?

ஆலங்குடியில் பஸ் மாறி, பூவரசங்காடு அரசு ஆஸ்பத்திரி வாசலில் சேதுலட்சுமி இறங்கியபோது மணி பதினொன்றரை. ஒரு கையில் பெட்டி, தோளில் புத்தகப் பை. முந்திரிக் காட்டுப் பக்கமிருந்து வந்த காற்று முகத்தில் அனலாக அடித்தது. வாசலில் ஓர் இளநீர் வண்டி, அதைத் தாண்டிப் புறநோயாளிகளின் வரிசை, வரிசையில் அழுகிற குழந்தைகள். பயப்படும்படியாக அங்கே எதுவும் இல்லை.

மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் மூன்று மாதம் ஏதாவதொரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தே தீரவேண்டும் என்று விதி இருக்கிறது. பெரிய ஊரைவிட்டுப் போகவேண்டுமே என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். சேதுலட்சுமி சுளிக்கவில்லை. அவளுடைய குழுவில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் அதே ஊர்தான் விழுந்திருந்தது. கோட்டைப்பட்டினத்து நாஜியாவும் ஆவுடையார்கோயில் ஆத்மநாதனும் முதல் நாளே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"வாடி, வா! ஒனக்கு ஜன்னலோரக் கட்டில் புடிச்சு வச்சிருக்கேன்" என்று நாஜியா ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஆத்மநாதன் புத்தகப் பையை வாங்கிக்கொண்டான். திருமயத்துப் பக்கம் பெரிய வீட்டில் பிறந்து, கூடப் பிறந்தவர்கள் யாருமில்லாமல் வளர்ந்த சேதுலட்சுமிக்கு, அந்த இரண்டு பேரைப் பார்த்ததும் வழியில் வெயிலில் பட்ட பாடெல்லாம் மறந்து போயிற்று.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சேதுலட்சுமி கெட்டிக்காரி இல்லை. உழைப்பாளி, நல்ல மனசுக்காரி, ஆனால் நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டால் தெரிந்ததும் மறந்துபோகும். முதல் வருடம் முழுக்கப் பேராசிரியர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, படிப்பே வேண்டாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். அன்றைக்கு அறை வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டு, "நீ போயிட்டா நான் யாருக்குப் பாடம் எடுக்கிறது?" என்று கேட்டவள் நாஜியா. அதிலிருந்து மூன்று பேரும் ஒன்று. ஒருவர் படித்ததை மற்ற இருவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பேராசிரியர்களிடம் கற்றது கால் பங்கு என்றால், இப்படி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றது முக்கால் பங்கு. இந்த இரண்டு பேர் இல்லாவிட்டால் தான் டாக்டரே இல்லை என்று அவள் மனதார நம்பினாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. "ஒருத்தர் பாத்தா மூணு பேரும் பாத்த மாதிரி." ஆத்மநாதன் வைத்த சட்டம் அது. ஒரு நோயாளியை ஒருவர் பரிசோதித்துவிட்டு வந்து சொன்னால், மற்ற இருவரும் தாங்களே பார்த்ததுபோல எழுதிக்கொள்வார்கள். கேட்பதற்குத் தப்பாகத்தான் இருக்கும். எண்பது நோயாளிக்கு மூன்று டாக்டர் என்று இருக்கும் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு தப்பாகப் படாது. நாங்களெல்லாம் அப்படி இல்லை என்று எந்த டாக்டராவது சத்தியம் செய்தால், நீங்கள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவது நல்லது.

தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு என்று முடிவாயிற்று. புறநோயாளிகள் போய்விடுவார்கள், வார்டு தூங்கும், ஊரே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும். இடம்தான் சிக்கல். புதுக் கட்டடத்தில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். கடைசியில் பழைய கட்டடத்தின் கோடியில் ஓர் அறை கிடைத்தது. முன்பு பிரசவ அறையாக இருந்ததாம். பாதிச் சுவர்வரை வெள்ளை ஓடு பதித்து, ஒரு கரும்பலகையும் சில நாற்காலிகளும் கிடந்தன. எதிரே, தாழ்வாரத்தைத் தாண்டினால், பிரசவமான பெண்களைக் கண்காணிப்பில் வைக்கும் அறை.

சாவியைக் கொடுத்த நர்ஸ் அடைக்கலமேரி ஓய்வு பெறும் வயதில் இருந்தார். உள்ளே நுழைந்ததும் சேதுலட்சுமி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏதோ பவுடர் வாசம் அடிக்குதே சிஸ்டர்?"

அடைக்கலமேரி அறைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றார். "உச்சி வேளையில இங்கிட்டு எதுக்கு உக்காரணும் டாக்டர்? அங்கிட்டு புதுக் கட்டடத்துலயே ஒரு மூலையில உக்காருங்களேன்."

"அங்க ஒரே சத்தம் சிஸ்டர்."

அவர் சாவியை மேசைமேல் வைக்காமல் ஆத்மநாதனின் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

வகுப்புகள் நன்றாகவே நடந்தன. சொல்லப்போனால், எப்போதும் இல்லாத அளவுக்கு நன்றாக நடந்தன. முதல் வாரக் கடைசியில் சேதுலட்சுமியின் முறை. ரத்தக்கொதிப்போடு வந்திருந்த ஒரு கர்ப்பிணியைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் மெதுவாகக் கேட்டது.

"மூத்த புள்ளை எத்தனை மாசத்துல பொறந்துச்சு? அவங்ககிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. சேதுலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். மூத்த பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து இறந்திருந்தது. அந்த ஒரு தகவலால் மருந்தே மாறியது. சாயங்காலம் பெரிய டாக்டர் அம்மா அவள் முதுகில் தட்டி, "குட்" என்றார். இரண்டு வருடத்தில் அவள் கேட்ட முதல் "குட்".

இரவுச் சாப்பாட்டின்போது நாஜியாவுக்கு நன்றி சொன்னாள்.

"நானா? நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் நாஜியா. "நீயா ஏதோ முணுமுணுத்துட்டு ஓடினே. ஆத்மா, நீ கேட்டியாடா?"

ஆத்மநாதன் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவன். அப்போதுதான் பாடம் மனதில் பதியும் என்பான். "ஏதோ ஒரு லேடி வாய்ஸ் கேட்டுச்சு. ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தானே?" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தான்.

அதற்குப் பிறகும் அந்தக் குரல் வந்தது. சேதுலட்சுமியின் முறை வரும்போதெல்லாம், அவள் தடுமாறும் இடம் பார்த்து, பின்னால் இருந்து மெல்ல ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் நோய் தானாகப் பிடிபடும். கூடவே அந்தப் பவுடர் வாசம். இத்தனை நாளும் மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த தன் மண்டைக்குள்ளேயே ஒரு நல்ல டாக்டர் உட்கார்ந்திருந்தாள், இப்போதுதான் வாய் திறக்கிறாள் என்று சேதுலட்சுமி பூரித்துப் போனாள். அந்தக் குரலின்மேல் அவளுக்குப் பிரியமே வந்துவிட்டது. நாஜியாகூடச் சிலசமயம் பொறுமை இழந்து கத்துவாள். அந்தக் குரல் ஒருமுறையும் கத்தவில்லை.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. கீரமங்கலத்துப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருந்த ஒரு வீட்டு மருமகள் அழகு, இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம். பன்னிரண்டு நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவள் சேதுலட்சுமி. ஒரு தையல்கூடப் போடவேண்டியிருக்கவில்லை.

"எம் பொண்ணு என்னைய மாதிரியா இருக்கு, அவங்கள மாதிரியா?" என்று அழகு கேட்டாள்.

"ஒங்கள மாதிரிதான். மூக்கப் பாருங்க" என்றாள் சேதுலட்சுமி.

பிரசவம் முடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் தாய்க்குக் கண்டம். கர்ப்பப்பை கல்லாக இறுக வேண்டும். இறுகாமல் தொளதொளத்துக் கிடந்தால், உள்ளே திறந்து கிடக்கும் குழாய்களிலிருந்து ரத்தம் கொட்டும். அதனால் கால் மணிக்கு ஒருமுறை வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்து, நாடி பிடித்து, ரத்தப்போக்கைப் பார்த்து எழுத வேண்டும். வேறு வழியே இல்லை, கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு மணிவரை அடைக்கலமேரி பார்த்தார். அதற்குப் பிறகு வேறொரு ஆப்பரேஷனுக்காக அவரைத் தியேட்டருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "நாங்க பாத்துக்குறோம் சிஸ்டர், எதிர்த்த ரூம்லதானே இருக்கோம்" என்றாள் நாஜியா. வகுப்பு நேரத்தில் கண்காணிப்பில் யாராவது இருந்தால், கால் மணிக்கு ஒருவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்றே சொல்வார்கள். மற்ற இருவரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். ஆறு வாரமாக அப்படித்தான் நடந்தது.

சேதுலட்சுமி வாசலுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். நாஜியா குனிந்து குறிப்பெடுத்தாள். ஆத்மநாதன் கண்ணை மூடியிருந்தான். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. வெளியே காக்கைகூடக் கத்தவில்லை.

இரண்டே கால்.

"பாத்தாச்சு. நார்மல்."

வாசலிலிருந்து பெண்குரல். சேதுலட்சுமி திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். சாக்பீஸ் ஓடியது.

இரண்டரை.

"பாத்தாச்சு. நார்மல்."

கரண்ட் போயிற்று. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. ஆனால் பிடரியில் மட்டும் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு குளிர்ச்சி. பவுடர் வாசம் அன்றைக்கு நெஞ்சை அடைத்தது.

இரண்டே முக்கால்.

"பாத்தாச்சு. நார்மல்."

மூன்று மணி.

இந்த முறை குரல் வாசலிலிருந்து வரவில்லை. காதோரத்தில் கேட்டது.

"பாத்தாச்சு சேது. எழுதிக்க."

சேதுலட்சுமி எழுதினாள். வகுப்பை முடித்துக்கொண்டு, அழகுவின் தாளை எடுத்து, விட்டுப்போன நான்கு வரிசைகளையும் தன் கையெழுத்தில் நிரப்பினாள். நாடித்துடிப்பு எண்பது, எண்பத்திரண்டு, எண்பது, எண்பத்து நான்கு. எண்களை யாரும் சொல்லவில்லை. நார்மல் என்றால் எண்பதை ஒட்டி எழுதுவது பழகிப்போன கை. கர்ப்பப்பை நன்றாக இறுகியிருக்கிறது, ரத்தப்போக்கு இல்லை என்றும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

தாளை மாட்டிவைக்கத் தாழ்வாரத்தைக் கடந்து போனாள். அழகு கழுத்துவரை போர்த்திக்கொண்டு அமைதியாகப் படுத்திருந்தாள். குழந்தை தொட்டிலில் தூங்கியது. அழகுவின் மாமியார் குழந்தைக்குத் துணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

சொட்... சொட்...

குழாய் சரியாக மூடவில்லை என்று நினைத்தாள்.

அந்த அறையில் குழாயே கிடையாது.

சேதுலட்சுமி குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

போர்வையை விலக்கினாள். மெத்தை ரத்தத்தில் ஊறிக் கனத்திருந்தது. வயிற்றில் கை வைத்தாள். கல்லாக இருக்கவேண்டிய இடத்தில் கை உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று. நாடி கைக்கு அகப்படவே இல்லை. அவள் போட்ட அலறலில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததில் மூன்று பேரையும் குறை சொல்லமுடியாது. நாஜியா கட்டில்மேல் ஏறி, கையை முஷ்டியாக்கிக் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தவள், தியேட்டர்வரை விடவில்லை. ஆத்மநாதன் தன் உடம்பிலிருந்தே ரத்தம் கொடுத்தான். பெரிய டாக்டர் அம்மா கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. அழகு பிழைத்தாள். இனி அவளுக்குக் குழந்தை இல்லை.

சாயங்காலம் கைகழுவும் இடத்தில் மூன்று பேரும் நின்றார்கள்.

"நார்மல்னு சொன்னியேடி! எப்படிடி நார்மல்?" என்றாள் சேதுலட்சுமி.

நாஜியா நிமிர்ந்தாள். "நானா? நீதானே போய்ப் பாத்துட்டுப் பாத்துட்டு வந்து சொன்னே?"

"நான் போர்டுல எழுதிட்டிருந்தேன். நான் எங்கேடி போனேன்?"

"நான் சேரை விட்டே எந்திரிக்கல."

இரண்டு பேரும் ஆத்மநாதனைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "நாலு தடவையும் பொம்பளைக் குரல்தான்" என்றான். "எனக்கு நல்லாத் தெரியும்."

ஆத்மநாதன் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினான்.

பிறகு நாஜியாதான் சேதுலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விசாரணை வரும். வந்தால் மூன்று பேரும் சேர்ந்தே உண்மையைச் சொல்வோம். யாருமே போய்ப் பார்க்கவில்லை, பார்த்ததாக நினைத்துக்கொண்டோம், தப்பு மூன்று பேருடையதும் என்று ஒரே தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுவோம். "தாள்ல ஒன் கையெழுத்து இருக்குங்கிறதுக்காக ஒன்னைய மட்டும் மாட்டிவிட்டுருவோமா? நீ பயப்படாத" என்றாள். ஆத்மநாதன், "மூணு பேரும் ஒண்ணுதான் சேது" என்றான். சேதுலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு நிற்கிறபோதும், தனியாக நிற்கவில்லை என்பது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை, புதுக்கோட்டையில். அந்த எட்டு நாளும் மூன்று பேரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். சேதுலட்சுமி சாப்பிடாத நாட்களில் நாஜியா ஊட்டிவிட்டாள். கடிதத்தை நாஜியாவே டைப் அடித்துக் கொண்டுவருவதாகவும், காலையில் ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆத்மநாதன் காரில் மூவரும் சேர்ந்து போவதாகவும் பேச்சு. அந்த எட்டு நாளும் பழைய அறைப் பக்கம் யாரும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலுக்கு வந்தாள். ஒன்பதே கால் ஆயிற்று. ஒன்பதரையும் ஆயிற்று. நாஜியாவின் போன் அணைந்திருந்தது. ஆத்மநாதனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

இரவு வேலை முடிந்து வெளியே வந்த அடைக்கலமேரி அவளைப் பார்த்ததும் நடையை நிறுத்தினார்.

"யாருக்காக நிக்கிறீங்க டாக்டர்?"

"நாஜியாவும் ஆத்மாவும் வரணும் சிஸ்டர்."

"அவங்க ரெண்டு பேரும் ஏழரைக்கே கார்ல போயிட்டாங்களே."

சேதுலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. ஏதோ அவசரமாக இருக்கும், வழியில் ஏற்றிக்கொள்வார்கள் என்றுகூட நினைத்தாள். நம்புகிறவர்களுக்குப் புத்தி மெதுவாகத்தான் வேலை செய்யும்.

அடைக்கலமேரி அவள் கையைப் பற்றினார்.

"போன வருசமும் ஒரு புள்ள இதே எடத்துலதான் நின்னுச்சு டாக்டர். ஷர்லின்னு பேரு. ஒங்கள மாதிரிதான், மூணு பேரா வந்தாங்க, வேற காலேஜ். அவங்களும் அந்த ரூம்லதான் உக்காந்து படிப்பாங்க. ஒரு தாய் செத்துப்போச்சு. யார் பாத்தது, யார் பாக்கலன்னு விசாரணை வந்துச்சு. மூணு பேரும் சேந்தே போவோம்னு சொல்லிட்டு, கூட இருந்த ரெண்டு பேரும் கார்ல முந்திப் போயிட்டாங்க. இந்தப் புள்ள பதறியடிச்சுக்கிட்டு ஸ்கூட்டியில பின்னாடியே போச்சு. திருவரங்குளம் தாண்டி லாரியில மாட்டி, அங்கேயே உசிரு போயிருச்சு."

"சிஸ்டர்..."

"அந்தப் புள்ளைக்குக் கை வேர்க்கும். பவுடர் போட்டுக்கிட்டுத்தான் கிளவுஸ் மாட்டும்." அவர் குரல் தேய்ந்துபோயிற்று. "நான் அன்னைக்கே ஒங்ககிட்ட தெளிவாச் சொல்லிருக்கணும். படிச்ச புள்ளைங்க, சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன். வண்டியில போகாதீங்க டாக்டர். பஸ்ல, நாலு பேரோட போங்க."

சேதுலட்சுமி பஸ்ஸில் போனாள். வியாபாரத்துக்குப் போகும் பூக்காரிகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். ஆனாலும் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே வந்தார்கள். திருவரங்குளம் தாண்டும்போது அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பூ மணத்தையும் மீறிக்கொண்டு பவுடர் வாசம் வந்தது.

விசாரணை அறையில் நாஜியாவும் ஆத்மநாதனும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அவளைப் பார்க்கவில்லை. அதிகாரி இரண்டு கடிதங்களை அவள் முன்னால் நகர்த்தினார். இரண்டிலும் ஒரே விஷயம். சேதுலட்சுமி தானே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக நான்கு முறை சொன்னார், அவர் குரலைத் தெளிவாகக் கேட்டோம், அவரை நம்பினோம்.

அவள் தேதியைப் பார்த்தாள்.

அழகுவுக்கு ஆப்பரேஷன் நடந்ததற்கு மறுநாள்.

அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் நாஜியா ஏழு நாள் அவளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத்தான் ஆத்மநாதன் தினமும், "நல்லாத் தூங்கு சேது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கர்ப்பப்பை போன பெண்ணைவிடத் தனக்கு வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வலித்தது. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருந்தாள். அறுக்கிற கை அதற்கு முன்னால் சோறும் ஊட்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இது ஒங்க கையெழுத்துதானே டாக்டர்?" என்று அதிகாரி கேட்டார்.

குரலைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் யார் நம்புவார்கள்? "என் கையெழுத்துதான் சார். நான் பாக்கல. பாக்காமலே எழுதினேன்" என்றாள்.

மறு உத்தரவு வரும்வரை நோயாளி யாரையும் தொடக்கூடாது என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

வெளியே நாஜியா தூணோரம் நின்றாள். "கையெழுத்து ஒன்னுதுடி. நீ எப்படியும் தப்பிக்க முடியாது. மூணு பேரும் முழுகிப்போறதுல என்ன நியாயம், சொல்லு?" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். "அப்புறம் அன்னைக்கு நான் கேட்டது ஒன் குரல்தான். சத்தியமா ஒன் குரல்தான்."

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். இந்த ஆற்றை இன்னும் பாதிகூடக் கடக்கவில்லை. சேதுலட்சுமி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மணி இரண்டு. பெட்டியை எடுத்துக்கொண்டு ஊரைப் பார்க்கப் போகவேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒருத்தியிடம் சொல்லியாக வேண்டும். தான் நம்பினவர்கள் கைவிடுவது எப்படி இருக்கும் என்று காலையிலிருந்துதான் அவளுக்குத் தெரியும். அழகுவுக்கு அது எட்டு நாளாகத் தெரியாமலே நடந்துகொண்டிருந்தது.

வார்டு தூங்கிக்கொண்டிருந்தது. அழகு குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு விழித்திருந்தாள். சேதுலட்சுமி கட்டிலைத் தொடாமல் இரண்டு முழம் தள்ளியே நின்றாள்.

"அழகு, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ரெண்டு மணிக்கு மேல ஒங்களை யாருமே வந்து பாக்கல. நானும் பாக்கல. பாத்தேன்னு பொய்யா எழுதினேன். பாத்திருந்தா ஒங்க கர்ப்பப்பை போயிருக்காது. ஒங்களை நான் ஏமாத்திட்டேன்."

அழகு கோபப்படவில்லை. குழப்பத்தோடு அவளைப் பார்த்தாள்.

"ஏன் டாக்டரம்மா இப்படிச் சொல்றீங்க? பாத்தாங்களே."

"யாரு?"

"அந்தப் பவுடர் வாசம் அடிக்கிற டாக்டரம்மாதான். கால் மணிக்கு ஒருக்கா வந்து வயித்துல கை வச்சாங்க. கை சில்லுனு இருந்துச்சு."

"இதை ஏன் விசாரணையில சொல்லல?"

"எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கலையே." அழகு குழந்தையின் தலையைத் தடவினாள். "ரத்தம் ரொம்பப் போகுது டாக்டரம்மான்னு அவங்ககிட்டதான் சொன்னேன். 'தெரியும்'னாங்க. டாக்டருக்கே தெரியும்னா நான் எதுக்குச் சத்தம் போடணும்னு பேசாமப் படுத்துட்டேன்."

தெரியும்.

ஆறு வாரம் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குரல். அவள் தடுமாறும் இடத்திலெல்லாம் கைகொடுத்த குரல். அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தே வந்து, தொட்டுப் பார்த்து, நார்மல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

"வேற... வேற ஏதாவது சொன்னாங்களா?"

"கடைசியா வந்தப்ப சொன்னாங்க. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஆனாலும் காதுல விழுந்துச்சு. 'இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்க. எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும், ரெண்டு பேர் ஒருத்தியை விட்டுட்டுப் போவாங்க, அவ எனக்கு'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

வார்டில் மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"இப்பவும் வராங்களா அவங்க?"

அழகு கையை உயர்த்தி, அவள் தோளுக்குப் பக்கத்தில் காட்டினாள். "என்ன டாக்டரம்மா, ஒங்ககூடத்தானே உள்ள வந்தாங்க?"

சேதுலட்சுமி திரும்பவில்லை. திரும்பவும் முடியவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டின்மேல் மூன்று விரல்கள் வந்து படிந்தன. சில்லென்ற, பவுடர் பூசிய விரல்கள். அவசரமே இல்லாமல் நரம்பைத் தேடி, கண்டுபிடித்து, அழுத்தின.

பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கிவிடுவதுதான் டாக்டர்கள் எல்லோரும் செய்வது. அந்த விரல்கள் பதினைந்து நொடியில் விலகவில்லை. அவளுடைய நாடியை முழுசாக ஒரு நிமிடம் எண்ணின. எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை.